பெயரில்லாத அரபி

அரபு இலக்கணத்தின் வாசலில் கால்வைக்கும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் வேறுபாடுகளுள் ஒன்று, ‘நகிரா’, ‘மஃரிஃபா’ என்பது. ‘ரஜுலுன்’ என்றால் யாரோ ஒரு மனிதன். உலகத்திலுள்ள எந்த மனிதனும் அச்சொல்லுக்குள் அடங்குவான். அதனாலேயே குறிப்பிட்ட எந்த மனிதனும் அதற்குள் இல்லை. இது நகிரா. ‘ஸைத்’ என்று பெயரைச் சொல்லிவிட்டால் அவன் அறியப்பட்டவன் ஆகிவிடுகிறான். இது மஃரிஃபா. மொராக்கோவின் ஃபாஸ் நகரத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 723இல் மறைந்த இப்னு ஆஜுரூம் அவர்களின் ‘ஆஜுரூமிய்யா’வில் மஃரிஃபா ஐந்து வகைப்படும் என்று வரும். அந்த ஐந்தையும் விரல்விட்டு எண்ணி ஒப்பிக்கும்படி என் உஸ்தாத் சொன்னதும், அதையே முப்பது ஆண்டுகளாக நான் என் மாணவர்களிடம் சொல்லிவருவதும் நினைவிருக்கிறது. ஆனால் இந்தப் பாடம் ஓர் ஆங்கிலப் பாட்டின் தலைப்பில் ஏறிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வரும் என்று நான் எண்ணியதில்லை.

என் இளைய மகள் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒருநாள் மகரிபுத் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அருகில் வந்து உட்கார்ந்தவள், “அத்தா, ‘ஓர் அரபி’ என்றால் அது நகிராதானே?” என்று கேட்டாள்.

“ஆமாம். அதில் என்ன சந்தேகம்?”

மெல்ல மெல்லச் செய்தி வெளிவந்தது. அன்று வகுப்பில் ஆல்பெர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவல் பாடம். பாடத்துக்குச் சுவைகூட்ட எண்ணி ஒரு மாணவர், அந்நாவலைத் தழுவி எழுந்த ஒரு பாட்டைத் தம் கைப்பேசியில் ஒலிக்கவிட்டிருக்கிறார். பாட்டின் பெயர் ‘கில்லிங் ஆன் அராப்’. ஓர் அரபியைக் கொல்லுதல் என்று பொருள். பெயரைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டொருவர், முக்காடிட்டு அமர்ந்திருந்த என் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர், இது நாவலைப் பற்றிய பாட்டு, வேறொன்றுமில்லை என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்துவிட்டார். ஆசிரியர் சொன்னதும் உண்மை. திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையும் உண்மை. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வீடு வந்திருந்தாள்.

“தலைப்பே எல்லாவற்றையும் சொல்கிறதே! இதில் ஆராய என்ன இருக்கிறது? விட்டுத்தள்ளு” என்றேன்.

“பாட்டைக் கேட்காமலே தீர்ப்பா அத்தா?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தில் வந்துள்ள கட்டளையைப் பல மேடைகளில் விரித்துரைத்தவன் நான். அன்றிரவே அந்தப் பாட்டைக் கேட்டேன். இசை ஆகுமா ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே நான் அவிழ்க்கப்போவதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே ‘இஹ்யா’வில் அதற்கென ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்க வேண்டியிருந்தது. விசாரணைக்காகக் கேட்டேன் என்ற அளவில் வாசகர்கள் என்னைப் பொறுத்தருள்க.

இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. தொடக்கத்திலேயே கிதாரில் ஓர் அரபுச் சாயல் ஒலிக்கிறது. ‘ஹிஜாஸ்’ ராகத்தின் நிழல் என்று சொல்லலாமா என்றால், நிழல்தான்; உடலில்லை. திரைப்படங்களில் ஒட்டகம் நடந்துவரும்போது வாசிப்பார்களே, அந்த வகை. எந்த அரபிக்கும் சொந்தமில்லாத அரபு மெட்டு அது. தலைப்பு மட்டுமன்று, மெட்டும் நகிராதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு பாடுகிறவனின் குரல் வருகிறது. அதில் வெறி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெறி இல்லை. கடற்கரையில் துப்பாக்கியோடு நிற்கிறான் ஒருவன். சுடலாம், சுடாமல் திரும்பியும் போகலாம். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. அந்த வெறுமையைத்தான் அந்தக் குரல் பாடுகிறது. கொலையைக் கொண்டாடும் பாட்டு இதுவன்று என்பது ஒருமுறை கேட்டதுமே விளங்கிவிட்டது. என் முதல் தீர்ப்பு தவறு.

இதைப் பாடியவர்கள் லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராலி என்ற ஊரைச் சேர்ந்த பள்ளித் தோழர்கள். ராபர்ட் ஸ்மித் பாட்டும் கிதாரும்; மைக்கேல் டெம்ப்ஸி அடிக்கட்டைக் கிதார்; லால் டோல்ஹர்ஸ்ட் முழவு. குழுவின் பெயர் ‘தி கியூர்’. 1977இல் ஒரு திறமைப் போட்டியின் வழியாக ‘ஹான்ஸா’ என்ற ஜெர்மானிய இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. நிறுவனமோ இந்தப் பையன்களின் சொந்தப் பாட்டுகளை விரும்பவில்லை. பிறர் பாட்டுகளைப் பாடச் சொன்னது. இந்த அரபிப் பாட்டை வெளியிடவும் அதற்கு மனமில்லை. 1978இல் உறவு முறிந்தது. பையன்கள் தம் பாடல்களைப் பதிவுசெய்த ஒலிநாடாவைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். பாலிடோர் நிறுவனத்தில் புதிய பாடகர்களைத் தேடியெடுக்கும் பணியில் இருந்த கிறிஸ் பாரி என்ற நியூசிலாந்துக்காரர் அதைக் கேட்டு வசப்பட்டார். தாம் தொடங்கவிருந்த ‘ஃபிக்‌ஷன்’ என்ற நிறுவனத்துக்கு இவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

1978 செப்டம்பரில் லண்டன் மார்கன் ஒலிப்பதிவுக் கூடத்தில், பாரியின் மேற்பார்வையில் இது பதிவாயிற்று. அப்போது ஸ்மித்துக்கு வயது 19. புதிய நிறுவனத்தின் ஏற்பாடுகள் முடியாததால், கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோவில் இருந்த ‘ஸ்மால் ஒண்டர்’ என்ற சிறிய இசைத்தட்டுக் கடை 1978 டிசம்பரில் 15,000 பிரதிகளை வெளியிட்டது. மறுபக்கத்தில் வேறொரு பாட்டு. 1979 தொடக்கத்தில் ஃபிக்‌ஷன் அதை மீண்டும் வெளியிட்டது. ஒரு தட்டில் ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடும் இந்த முறைக்கு ‘சிங்கிள்’ என்று பெயர். பின்னாளில் ‘ஆல்டர்னேட்டிவ் ராக்’ என்று அழைக்கப்பட்ட இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்றாக வளர்ந்த குழுவின் முதல் சிங்கிள் இதுவே.

ஸ்மித் தம் நோக்கத்தை ஒளித்ததில்லை. பள்ளி நாள்களில் தாம் படித்த காம்யுவின் நாவலில் முக்கியமான கணங்கள் தம் மனத்தில் பதிந்த விதத்தைச் சுருக்கித் தர முயன்றதே இப்பாட்டு என்று பலமுறை விளக்கியிருக்கிறார். ஐயுறுவதற்கு முகாந்திரம் இல்லை.

அப்படியானால் நாவலுக்குப் போக வேண்டும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்து க்ரியா பதிப்பகம் 1980இல் வெளியிட்ட ‘அந்நியன்’ தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. நான்தான் நாற்பது ஆண்டுகள் தாமதம். மகளின் அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன்.

1942இல் பாரிஸில் வெளியான இந்நாவல் அல்ஜீரியாவில் நிகழ்கிறது. அல்ஜியர்ஸ் நகரத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் மெர்சோ என்ற பிரெஞ்சுக்காரன் கதை சொல்கிறான். தாய் இறக்கிறாள், அவன் அழவில்லை. அண்டை வீட்டுக்காரன் ஒருவன் தன் ஆசைநாயகியாகிய ஓர் அரபுப் பெண்ணை அடித்து இழிவுபடுத்துகிறான். அவளுடைய சகோதரன் பின்தொடர்கிறான். கடற்கரையில், கொளுத்தும் வெயிலில், மெர்சோ அந்தச் சகோதரனைச் சுடுகிறான். முதலில் ஒரு முறை; சற்று நிறுத்தி, கிடக்கும் உடலின்மேல் மேலும் நான்கு முறை. பிறகு வழக்கு. நீதிமன்றத்தில் தாயின் நல்லடக்கத்தில் அவன் அழாததே பெரிதாகப் பேசப்படுகிறது. செத்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் குடும்பத்தார் யாரும் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. புத்தகத்தை மூடும்வரை அவன் பெயர் என்னவென்று யாரும் கேட்பதில்லை. ‘அரபி’, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர் பலருக்கும் பெயர் இருக்கிறது. ஒரு கிழவர் வளர்க்கும் சொறிநாய்க்குக்கூடப் பல பக்கங்கள் இருக்கின்றன.

காம்யுவை எளிதில் பழித்துவிடவும் முடியாது. அவர் அல்ஜீரிய மண்ணில் 1913இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கபீலியா மலைப்பகுதி மக்களின் பட்டினியை 1939இல் ‘அல்ஜேர் ரெபுப்ளிக்கன்’ இதழில் தொடர்ந்து எழுதியவர். ஆட்சியாளர்களுக்கு அவை கசந்தன. பெயரில்லாமை என்பது அந்தக் குடியேற்ற ஆட்சியின் குருட்டுத்தனத்தை உள்ளபடி காட்டும் உத்தி என்பார் ஒரு சாரார். அந்தக் குருட்டுத்தனம் ஆசிரியரின் கண்ணிலேயே இருந்தது என்பார் மறு சாரார். பலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சையித் 1993இல் எழுதிய நூலில் இதை வலுவாக எடுத்துரைத்தார். 1830 முதல் 1962 வரை 132 ஆண்டுகள் ஒரு நாட்டை ஆண்டவர்களின் இலக்கியத்தில் இரண்டும் ஒருங்கே இருப்பது அரிதன்று என்பது என் எண்ணம். தன் வீட்டு வேலைக்காரரை அன்போடு நடத்தி, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அறியாமலே வாழ்ந்து முடித்த நல்லவர்களை நாம் கண்டதில்லையா?

நாவலிலாவது ‘அந்த அரபி’; முன்பே கதையில் வந்தவன், ஒரு பெண்ணுக்குச் சகோதரன், ஒரு வகையில் அறியப்பட்டவன். பாட்டுக்கு வரும்போது ‘ஓர் அரபி’ ஆகிவிட்டான். என் மகள் பிடித்தது இந்த இடத்தைத்தான். கடற்கரையில் கிடந்த ஒருவன், எந்தத் தெருவில் நடந்துபோகும் எவனுமாக மாறிவிட்டான்.

அந்த மாற்றத்தின் விளைவு உடனே தெரிந்தது. 1979இல் அக்குழுவின் லண்டன் கச்சேரிகளுக்கு, ‘நேஷனல் ஃபிரண்ட்’ என்ற இனவெறிக் கட்சியின் ஆதரவாளர்கள் சிலர் இதைத் தங்கள் பாட்டாக எண்ணி வந்துசேர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காம்யுவைப் படித்திருப்பார்கள்? தலைப்பு ஒன்றே அவர்களுக்குப் போதும். படிக்காமல் வெறுத்த எனக்கும் படிக்காமல் விரும்பிய அவர்களுக்கும் அந்த ஒரு வகையில் வேறுபாடில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய புயல் 1986இல் அமெரிக்காவில் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1985 அக்டோபர் 11 அன்று, கலிஃபோர்னியாவின் சாந்தா ஆனா நகரத்தில் அமெரிக்க அரபிகளின் பாகுபாட்டு எதிர்ப்புக் குழுவின் அலுவலகக் கதவைத் திறந்த அலெக்ஸ் ஓதே என்பவர் வெடிகுண்டுக்குப் பலியானார். பலஸ்தீனத்தில் பிறந்த கிறிஸ்தவர், கவிஞர். 1986 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் லிபியாவின்மேல் குண்டு வீசின. அடுத்த மாதம் ‘தி கியூர்’ குழுவின் பழைய சிங்கிள்கள் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அதில் முதலில் நின்றது இந்தப் பாட்டு. தொகுப்பின் தலைப்பே இந்தப் பாட்டின் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வானொலியில் ஓர் அறிவிப்பாளர், அரபிகளைக் கொல்வது பற்றிய பாட்டு என்று இதை அறிமுகப்படுத்தினார். எட்டாண்டுகளாக இலக்கியத்தின் நிழலில் ஒதுங்கியிருந்த பாட்டு ஒரே வாக்கியத்தில் வெயிலுக்கு வந்துவிட்டது.

ஓதேயைப் பறிகொடுத்த அதே அமைப்பு இசைத்தட்டு நிறுவனத்திடம் முறையிட்டது. 1987 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. தொகுப்பு திரும்பப் பெறப்படவில்லை. அட்டைமேல் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. இப்பாட்டில் இனவெறி இல்லை, எல்லா வெறுப்பையும் அதன் விளைவான வன்முறையையும் கண்டிப்பதே இது, அரபிகளுக்கு எதிராக இதைப் பயன்படுத்துவதைக் குழு கண்டிக்கிறது என்பது அதன் சாரம். வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று ஸ்மித்தே கேட்டுக்கொண்டார். தம் முதல் பாட்டை ஒலிக்கவிடாதீர்கள் என்று ஒரு பாடகரே வேண்டிக்கொள்வது சிறிய காரியமன்று. அதை நான் மதிக்கிறேன்.

இங்கேதான் எங்கள் திண்ணை விவாதம் சூடுபிடித்தது.

“புகாரி ஷரீஃபின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதானே அத்தா? அவர் எண்ணம் கெட்டதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் கணக்கு முடிந்ததா?”

முடிந்தது என்று சொல்ல நா எழவில்லை. சற்று யோசித்தபின் ஃபிக்ஹு நூல்களிலுள்ள ‘கத்லுல் கதா’ என் நினைவுக்கு வந்தது. வேட்டை விலங்கைக் குறிவைத்து ஒருவன் அம்பெய்கிறான். அது தவறி ஒரு மனிதன்மேல் பாய்ந்து அவன் இறந்துவிடுகிறான். எய்தவனுக்குக் கொல்லும் எண்ணமில்லை. ஆதலால் பழிக்குப்பழி இல்லை. ஆனாலும் ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ’ என்று ஷரீஅத் அவனை அனுப்பிவிடுவதில்லை. ‘அந்நிஸா’ அத்தியாயத்தின்படி அவன்மேல் கஃப்பாராவும் உண்டு; இறந்தவனின் குடும்பத்துக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகையும் உண்டு. நல்ல நிய்யத் குற்றத்தைத்தான் நீக்குகிறது. கடனை நீக்குவதில்லை.

நாவலின் மெர்சோவுக்காக நான் இதைச் சொல்லவில்லை. அவன் வேண்டுமென்றே சுட்டவன். கிராலி ஊர்ப் பையன் எய்த அம்பைப் பற்றிச் சொல்கிறேன். அவன் குறிவைத்தது ஒரு புத்தகத்தை. அம்பு போய்த் தைத்தது வேறு யாரையோ. ஒரு வகுப்பறையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் உட்பட. ஒட்டுத்தாளைக் கஃப்பாரா என்று வைத்துக்கொள்ளலாம். தியத்தோ வாரிசுகளின் கையில் கொடுக்கப்பட வேண்டியது. பெயரே இல்லாதவனுக்கு யார் வாரிசு? இன்ன குடும்பத்தான், இன்னாரின் மகன் என்று தெரிந்தாலல்லவா வாசலைத் தேடிப் போக முடியும்?

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் முதலில் அவனுக்குப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்” என்றாள்.

பாடகர் வேறு வழிகளை முயன்றார். 2005இல் ஐரோப்பிய மேடைகளில் ‘கொல்லுதல்’ என்ற சொல்லை ‘முத்தமிடுதல்’ என்று மாற்றிப் பாடினார். 2006இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ‘அரபி’ போய், ‘மற்றொருவன்’ வந்தான். முத்தம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ‘மற்றொருவன்’ என்பதோ நகிராவிலும் நகிரா. இருந்த ஓர் இனப்பெயரும் போயிற்று. சொல்லை மாற்றினால் புண் ஆறும் என்று எண்ணும் நல்ல மனம் அதில் தெரிகிறது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. 2018 ஜூலையில் ஹைட் பார்க்கில் தங்கள் 40ஆம் ஆண்டுக் கச்சேரியை இதே பாட்டோடுதான் அவர்கள் முடித்தார்கள்.

பெயர் தந்தவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். அல்ஜீரியாவின் ஓரான் நகரப் பத்திரிகையாளர் கமால் தாவூத் 2013இல் அல்ஜியர்ஸில் ஒரு பிரெஞ்சு நாவல் வெளியிட்டார். கொல்லப்பட்ட அரபியின் தம்பி, முதுமையில் கதை சொல்கிறான். அண்ணன் பெயர் மூஸா. தம்பி பெயர் ஹாரூன். இந்தப் பெயர்களைப் படித்ததும் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். பேச்சில் தடையுள்ள மூஸா (அலை) அவர்கள், தமக்காகப் பேசத் தம் சகோதரர் ஹாரூனை உடன் அனுப்பும்படி இறைவனிடம் வேண்டியதை நாம் ஓதியிருக்கிறோம். இங்கே மூஸாவின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது, ஹாரூன் பேசுகிறான். வாரிசு வந்துவிட்டான்!

அந்த ஹாரூன் ஓரானின் மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவன். பள்ளிவாசலைப் பற்றியும் மார்க்கத்தைப் பற்றியும் அவன் சொல்பவை பல எனக்கு உடன்பாடானவை அல்ல. நம்மவர் வீடுகளில் இந்நூலைப் படிக்கும்போது முகம் சுளிக்கும் இடங்கள் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2014இல் அல்ஜீரியாவின் பேச்சாளர் ஒருவர் தாவூதுக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கோரினார். கொல்லப்பட்ட ஓர் அரபிக்குப் பெயர் கொடுத்தவனை, இன்னோர் அரபி கொல்லச் சொல்கிறார். தலைப்பாகை கட்டிய என் இனத்தார் செய்த காரியம் இது. பிறர் பாட்டில் குறைகாணும்போது இதையும் எழுத வேண்டியது என் கடமை.

கதைக்கு வெளியேயும் ஒரு பெயர் கிடைத்தது. அமெரிக்கப் பேராசிரியை ஆலிஸ் கப்லான் ‘அந்நியன்’ பிறந்த வரலாற்றைத் துருவி ஆராய்ந்து 2016இல் ஒரு நூல் எழுதினார். ஓரானுக்கு அருகில் ஒரு கடற்கரையில் 1939இல் காம்யுவுக்கு அறிமுகமானவர்களுக்கும் ஓர் அரபிக்கும் நடந்த கைகலப்பே நாவலின் கொலைக் காட்சிக்கு வித்து. அங்கே கத்தி வீசப்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை. பழைய உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டி அந்த அரபியின் பெயரை அவர் கண்டெடுத்தார். கத்தூர் என்பது அது.

வாசகர்களுக்கு இது அந்நியப் பெயராகத் தோன்றலாம். மக்ரிபு நாடுகளில் ‘அப்துல் காதிர்’ என்பதைச் செல்லமாகக் ‘கத்தூர்’ என்று அழைப்பார்கள். நாமும் அதே பெயரைத்தான் ‘காதர்’ என்று சுருக்குகிறோம். முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயர். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் இயற்பெயர். தெருவில் நின்று “காதர்!” என்று குரல்கொடுத்தால் நான்கு வீட்டு வாசல்களில் தலை எட்டிப் பார்க்கும் ஊர் என்னுடையது. என் தாய்மாமன் பெயரும் அதுவே. எழுபது எண்பது ஆண்டுகள் உலகமெங்கும் பெயரில்லாதவனாகப் படிக்கப்பட்டவன் பின்னால் இருந்தவர் ஒரு காதர் என்று மகளிடம் சொன்னபோது, அவள் சமையற்கட்டைப் பார்த்து, “அம்மா, மாமா பெயர்!” என்று கூவினாள். விவரம் புரியாமல் அவள் தாய் கரண்டியோடு வந்து நின்றதும் நினைவிருக்கிறது.

2025இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஓசோன் ‘அந்நியன்’ நாவலைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். அதில் இறந்தவனுக்கு மூஸா என்று பெயர் இருக்கிறது. அவன் சகோதரிக்கும் பெயர் இருக்கிறது. படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது, 1978இன் அந்தப் பழைய பாட்டு ஒலிக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டு அதே பாட்டைக் கேட்கச் செய்கிறார்கள். இப்போது அந்தத் தலைப்பு சிரிப்பை எழுப்புமா? எழுப்பாது என்றே எண்ணுகிறேன்.

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப்பெருக்கிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் இரவில் இறந்துபோனார். இதற்காக நபிகளாரைத் தொந்தரவு செய்வானேன் என்று தோழர்கள் தாமாகவே அடக்கிவிட்டார்கள். சில நாள் அவரைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். செய்தியறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபர் எங்கே என்று காட்டச்சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அந்த அறிவிப்புகளில் அப்பெண்மணியின் பெயர் இல்லை. ‘உம்மு மிஹ்ஜன்’ என்பதைத் தேடியெடுத்துச் சேர்த்தவர்கள் பிற்கால அறிஞர்கள். இந்த ஹதீஸை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பாடஞ்சொல்லும் பள்ளிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. கடைக்காரர் என்னை ‘பாய்’ என்பார். பேருந்து நடத்துநர் முதல் மருந்துக்கடைப் பையன்வரை எல்லோருக்கும் நான் பாய்தான். அன்பாகவே சொல்கிறார்கள். ஆயினும் ஊரில் உள்ள முந்நூறு பாய்களில் எந்தப் பாய் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று அவ்வப்போது உள்ளுக்குள் குறைப்பட்டுக்கொள்வேன். அந்தக் கடையில் தேநீர் ஆற்றுகிறவர் அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர். நான்காண்டுகளாக ஜும்ஆவில் எங்கள் வரிசையில், பல நாள் எனக்கு அடுத்த தோளாகவே நின்று தொழுகிறவர். அவரை ஊரே ‘பெங்காலி’ என்கிறது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். “பெங்காலி, சர்க்கரை கம்மி!”

மகள் தன் கட்டுரையை எழுதிச் சமர்ப்பித்த வாரத்தில் ஒருநாள், கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போனேன். எனக்கு வராத இந்தியிலும் அவருக்குப் பாதி வந்த தமிழிலுமாகப் பெயரைக் கேட்டேன். ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று அஞ்சியவர்போல் முதலில் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு சொன்னார். அச்சில் ஏற்ற அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. ஆகையால் இங்கே எழுதவில்லை. அரபுப் பெயர்தான், வங்காளத்தில் தோய்ந்து உருண்டு வந்தது. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. மக்ரஜ் பிசகாமல் அந்தப் பெயரை அவருக்கே திருத்திச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, மறுபடியும் தம் தாய் கூப்பிடும் விதமாகவே சொன்னார். மூன்றாம் முறை நானும் அப்படியே சொன்னேன். தலையாட்டிவிட்டு, சர்க்கரையைக் குறைத்துப் போட்டு, தேநீர் ஆற்றத் திரும்பினார்.